மதிப்பெண் யாருக்காக? ரீபூட் கேம்களும் விமர்சகர் மீதான நம்பிக்கையும்

2013 ஜனவரி 15 அன்று ‘டிஎம்சி: டெவில் மே க்ரை’ என்ற வீடியோ கேம் விற்பனைக்கு வந்தது. வெளியிட்டது ஜப்பானின் கேப்காம். உருவாக்கியது இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் இயங்கும் நிஞ்ஜா தியரி. பல இதழ்களின் மதிப்பெண்களைச் சேர்த்துச் சராசரி காட்டும் மெட்டாகிரிட்டிக்கில், விமர்சகர்கள் தந்த சராசரி 100க்கு 85ஐ ஒட்டி நின்றது. வாங்கலாம் என்று தயங்காமல் சொல்லக்கூடிய எண் அது. அதே கேமுக்கு விளையாடியவர்கள் தந்த சராசரியோ வெகு கீழே கிடந்தது. இதைக் கடைகளிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று அமெரிக்க வெள்ளை மாளிகையின் பொதுமனுப் பகுதியில் மனுப் போடும் அளவுக்குக் கோபம் போயிற்று.

இரு தரப்பிடமும் மற்றவரைப் பற்றித் தயாரான விளக்கம் இருந்தது. விமர்சகர்கள் பார்வையில் ரசிகர்கள் மாற்றத்தைத் தாங்காதவர்கள். நாயகனின் முடி நிறம் மாறியதற்காகக் கூச்சல் போடுகிறவர்கள். ரசிகர்கள் பார்வையில் விமர்சகர்கள் விலைபோனவர்கள். விளம்பரம் தரும் நிறுவனத்தை நோகடிக்க மாட்டாதவர்கள். இந்த இரண்டு விளக்கங்களும் அந்தச் சண்டையின் மையத்தைத் தொடவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

புகழ்பெற்ற ஒரு தொடரை அதன் பழைய கதையையும் அமைப்பையும் விட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்குவதை ரீபூட் என்கிறார்கள். டிஎம்சி அப்படிப்பட்ட ஒன்று. அப்படிச் செய்யும்போது இரண்டு கேள்விகள் ஒன்றாக எழுகின்றன. முதன்முறை வருகிறவருக்கு இது நல்ல கேமா? பத்தாண்டுகளாகத் தொடரோடு இருந்தவர் அதில் தேடி வந்தது இதில் இருக்கிறதா? விமர்சகர் பெரும்பாலும் முதல் கேள்விக்குத்தான் விடை எழுதுகிறார். அவர் போடும் ஒற்றை மதிப்பெண்ணோ இரண்டுக்குமான விடையாகப் படிக்கப்படுகிறது.

தொடரும் அதன் ரசிகரும்

முதல் ‘டெவில் மே க்ரை’ 2001இல் பிளேஸ்டேஷன் 2 கருவிக்கு வந்தது. இயக்கியவர் ஹிதேகி காமியா. ‘ரெசிடென்ட் ஈவில்’ தொடரின் நான்காம் பாகமாகத் தொடங்கிய வேலை, போகப் போகத் திசை மாறித் தனித் தொடரானது. வெள்ளை முடி, நீளச் சிவப்புக் கோட்டு, முதுகில் வாள், இரண்டு துப்பாக்கிகள்: இதுதான் நாயகன் டான்டே. எதிரே வரும் பேய்களை வீழ்த்தினால் மட்டும் இந்தத் தொடரில் போதாது. எப்படி வீழ்த்துகிறோம் என்பதற்கும் தரம் உண்டு. வாளால் மேலே தூக்கி, துப்பாக்கியால் அந்தரத்தில் நிறுத்தி, ஆயுதம் மாற்றி, தன்மேல் அடி படாமல் விலகி, மறுபடி தாக்க வேண்டும். அலுக்காமல் வகை வகையாக அடிக்கிறவருக்குத் திரையின் ஓரத்தில் டி என்ற எழுத்து சி, பி, ஏ, எஸ் என்று ஏறி, பின்வந்த பாகங்களில் மூன்று எஸ் வரை போகும்.

2005இல் வந்த மூன்றாம் பாகத்தையும் 2008இல் வந்த நான்காம் பாகத்தையும் ஹிதேயாகி இட்சுனோ இயக்கினார். மூன்றாம் பாகத்தில் ஒரு கட்டத்தைத் தொடங்கும் முன் ஒரு சண்டை முறையைத் தேர்ந்துகொள்ளலாம். நான்காம் பாகத்தில் சண்டையின் நடுவிலேயே ஒரு பொத்தானைத் தட்டி முறையை மாற்றலாம். இதில் ரசிகர்கள் போன ஆழத்தைக் காட்ட ஒரு நுணுக்கம் போதும். அந்தரத்தில் இருக்கும் எதிரியின் மேல் கால் வைத்து எம்பினால், நடந்துகொண்டிருக்கும் தாக்குதல் அங்கேயே அறுபட்டு, அடுத்த தாக்குதலுக்கு உடனே வழி திறக்கும். கண்ணிமைக்கும் நேரத்துக்குள் இதைச் செய்ய வேண்டும். தரையில் கால் படாமல் தொடர்ந்து செய்ய வேண்டும். இதை மட்டுமே மாதக்கணக்கில் பழகி, அந்தச் சண்டைகளைப் பதிவு செய்து ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்ட ஒரு கூட்டம் உருவானது. அவர்களுக்கு டெவில் மே க்ரை ஒரு கதை என்பதைவிட ஒரு வாத்தியம் என்பதே பொருந்தும்.

இப்படிப்பட்ட தொடரைக் கேப்காம் ஏன் வெளியே கொடுத்தது? அந்த ஆண்டுகளில் ஜப்பானிய கேம் நிறுவனங்களை ஒரு பயம் பிடித்திருந்தது: மேற்குச் சந்தை கைநழுவுகிறது, மேற்கத்திய ரசனைக்கு மேற்கத்திய ஸ்டுடியோக்களே கேம் செய்ய வேண்டும் என்று. கேப்காமில் அந்த எண்ணத்தை முன்னின்று நடத்தியவர் கெய்ஜி இனாஃபுனே. 2009இல் ‘பயோனிக் கமாண்டோ’ சுவீடனின் கிரின் ஸ்டுடியோவிலும், 2010இல் ‘டெட் ரைசிங் 2’ கனடாவின் ப்ளூ காஸில் ஸ்டுடியோவிலும் உருவாயின. அந்த வரிசையில் டெவில் மே க்ரை நிஞ்ஜா தியரிக்குப் போனது. ‘ஹெவன்லி ஸோர்டு’, ‘என்ஸ்லேவ்ட்’ ஆகிய கேம்களில் நடிப்பும் கதைசொல்லலும் நன்றாக வந்ததற்காகப் பேசப்பட்ட ஸ்டுடியோ அது.

முடி மறைத்த சண்டை

2010 செப்டம்பரில் டோக்கியோ கேம் ஷோவில் முதல் முன்னோட்டம் வெளியானது. ஒல்லியான உடம்பு, குட்டையாக வெட்டிய கருப்பு முடி, வாயில் சிகரெட்: புதிய டான்டே. ரசிகர்கள் கொதித்தார்கள். படைப்புத் தலைமை வகித்த டமீம் அன்டோனியாடிஸ், பழைய டான்டேயின் தோற்றம் இக்காலத்துக்கு எடுபடாது என்ற பொருள்படப் பேசியது எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியது. கேம் வெளியானபோது அதன் தொடக்கத்திலேயே ஒரு காட்சி இருந்தது. சண்டையின் நடுவே வெள்ளை விக் போன்ற ஒன்று டான்டேயின் தலையில் வந்து விழுகிறது. அவன் கண்ணாடியில் பார்த்துவிட்டு, இது நடக்காத காரியம் என்று சொல்லி உதறுகிறான். தங்களைக் கிண்டல் செய்யத்தான் இதை வைத்தார்கள் என்று ரசிகர்கள் எடுத்துக்கொண்டார்கள். அப்படி எடுத்துக்கொண்டதற்கு இடமும் இருந்தது.

இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக இந்தப் பேச்சே ஓங்கி ஒலித்தது. இதழ்களும் இதையே செய்தியாக்கின. மதிப்புரை எழுத உட்கார்ந்தவருக்கு ரசிகர்களின் குறை என்றாலே முடிதான் நினைவுக்கு வந்தது. முடி நிறத்துக்காக ஒரு நல்ல கேமை ஒதுக்காதீர்கள் என்று எழுதுவது நியாயமாகவும் துணிச்சலாகவும் பட்டது.

அப்படிப் பாராட்டியதில் பொய் இல்லை. டிஎம்சியின் நகரம் உயிருள்ள பகையாளி. நடக்க நடக்கத் தெரு பிளக்கும், கட்டடங்கள் நெருங்கி வந்து நசுக்கப் பார்க்கும், சுவர்களில் டான்டேயைக் கொல்லச் சொல்லும் சொற்கள் பெரிதாக எழும். தொலைக்காட்சிச் செய்தி அறிவிப்பாளன் உருவில் இருக்கும் ஓர் அசுரனோடு, செய்தி ஒளிபரப்புக்குள்ளேயே நடக்கும் சண்டை, அந்தத் தலைமுறைக் கருவிகளில் வந்த நல்ல கற்பனைகளில் ஒன்று. தொடரின் முந்தைய பாகங்களை விளையாடாதவருக்குச் சண்டை எளிதாகப் பிடிபட்டது. பார்க்க அழகாகவும் இருந்தது. 85 என்ற எண்ணை அவர்கள் மனமறிந்தே போட்டார்கள்.

பொத்தான்களில் நடந்தது

ஆனால் முடிச் சண்டைக்குக் கீழே, சத்தம் குறைந்த வேறொரு வாதம் நடந்துகொண்டிருந்தது. அது கேம் கைக்குள் எப்படி இயங்குகிறது என்பதைப் பற்றியது.

நான்காம் பாகம் நொடிக்கு 60 ஃபிரேம் வேகத்தில் ஓடியது. டிஎம்சி கன்சோல்களில் 30 ஃபிரேம்தான். 60 என்றால் ஒரு ஃபிரேம் சுமார் 16.7 மில்லி நொடி. 30 என்றால் 33.3. படம் பார்க்கிறவருக்கு இந்த வேறுபாடு பெரிதில்லை. அந்தரத்தில் எதிரியின் மேல் கால் வைத்து எம்பும் கணத்தைப் பிடிக்கப் பழகிய விரலுக்கு இது வேறு கருவி.

பழைய பாகங்களில் ஒரு தோள் பொத்தானை அழுத்திப் பிடித்தால் பார்வை ஓர் எதிரி மேல் நிலைகொள்ளும். அதற்குப் பிறகு முன்னே தள்ளி அடித்தால் ஒரு வீச்சு, பின்னே இழுத்து அடித்தால் இன்னொன்று. டிஎம்சியில் அந்த வசதி எடுக்கப்பட்டது. யாரைத் தாக்குவது என்பதை கேமே கணித்துக்கொள்ளும். கன்ட்ரோலரின் தோள் பொத்தான்கள் தேவ ஆயுதங்களையும் அசுர ஆயுதங்களையும் மாற்றுவதற்கும் விலகுவதற்கும் போய்விட்டன. நெருங்கி நிற்கும் பத்துப் பேரில் நாம் குறிவைத்தவனைத்தான் அடிக்கிறோம் என்ற உறுதி குறைந்தது.

அடுத்தது நிறம். நீல எதிரியைத் தேவ ஆயுதத்தால்தான் தாக்க முடியும். சிவப்பு எதிரியை அசுர ஆயுதத்தால்தான். தவறான ஆயுதத்தை வீசினால் அது தெறித்துத் திரும்பும். விதவிதமாக அடி என்று சொல்லும் தொடரில், இவனை இதனால் மட்டும் அடி என்று கட்டளை வந்தது. கடைசியாகத் தர நிர்ணயம். பலமான ஆயுதத்தால் அடித்துக்கொண்டிருந்தாலே உயர்ந்த தரம் எளிதாகக் கிடைத்துவிடுகிறது, கிடைத்தது எளிதில் இறங்குவதுமில்லை என்றார்கள் ரசிகர்கள். புதியவருக்கு அது ஊக்கம். மூன்று எஸ் வாங்க மாதக்கணக்கில் உழைத்தவருக்கு அந்த எழுத்தின் மதிப்பே போயிற்று.

இந்தக் குறைகள் வெறும் மனக்கசப்பா, உண்மையா என்று பார்க்க நல்ல சான்று ஒன்று இருக்கிறது. 2015 மார்ச்சில் புதிய கன்சோல்களுக்கு இதே கேமின் ‘டெஃபினிட்டிவ் எடிஷன்’ வந்தது. வேகம் 60 ஃபிரேம் ஆனது. எதிரி மேல் பார்வையை நிலைநிறுத்தும் வசதி திரும்ப வந்தது. நிற எதிரிகள் எந்த ஆயுதத்தின் அடியையும் தெறிக்கவிடாமல் ஏற்கும்படி மாற்றப்பட்டார்கள். பழைய பாகங்களைப் போலத் தர நிர்ணயத்தைக் கடுமையாக்கும் தனி முறையும் சேர்ந்தது. நாயகனின் முடி கருப்பாகவே இருந்தது. இரண்டு ஆண்டு கழித்து, உருவாக்கியவர்களே எதைத் திருத்தினார்கள், எதை விட்டார்கள் என்பதைப் பாருங்கள். ரசிகர்கள் உரக்கச் சொன்ன குறையில் பெரிய பொருளில்லை. மெதுவாகச் சொன்ன குறைகளில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் பொருள் இருந்தது. 2013இன் மதிப்புரைகளில் பெரும்பாலானவை முன்னதற்கு மறுப்பு எழுதுவதில் கவனம் வைத்துப் பின்னதைப் போகிற போக்கில் தொட்டன.

விமர்சகரின் சில நாட்கள்

இதற்குக் காரணம் கேடான எண்ணம் இல்லை, வேலையின் அமைப்பு. வெளியீட்டுக்குச் சில நாட்களோ ஒரு வாரமோ முன்னதாக நிறுவனம் இதழுக்குப் பிரதி அனுப்புகிறது. குறிப்பிட்ட நாள், குறிப்பிட்ட மணிக்கு முன்னால் எதுவும் வெளியிடக்கூடாது என்ற நிபந்தனையும் கூடவே வரும். அந்த மணிக்கு மதிப்புரை தயாராக இல்லாவிட்டால் வாசகர் வேறு இதழுக்குப் போய்விடுவார். ஆகவே விமர்சகர் ஒருமுறை முடித்துவிட்டு எழுதுகிறார். அடுத்த கேம் மேசையில் காத்திருக்கிறது.

டெவில் மே க்ரை போன்ற தொடருக்கு இந்த ஏற்பாடு கொஞ்சமும் ஒத்துவராது. ‘சன் ஆஃப் ஸ்பார்டா’, ‘டான்டே மஸ்ட் டை’ போன்ற கடினமான நிலைகள் கேமை முடித்த பிறகே படிப்படியாகத் திறக்கின்றன. எதிரிகள் அலை அலையாக வந்துகொண்டே இருக்கும் ‘ப்ளடி பேலஸ்’ என்ற பகுதியில்தான் ரசிகர்கள் ஒரு பாகத்தின் சண்டை அமைப்பை உரைத்துப் பார்ப்பார்கள். டிஎம்சியில் அது வெளியீட்டு நாளில் இல்லவே இல்லை. பிப்ரவரியில் இலவசமாகத் தனியே வந்தது. ஆக, ரசிகர் எந்த இடத்தில் வைத்துத் தீர்ப்புச் சொல்வாரோ, அந்த இடத்தை ஜனவரி மதிப்புரை எதுவும் பார்த்திருக்க வழியே இல்லை.

ஊருக்குப் புதிதாக வந்தவர் ஒரு மெஸ்ஸில் ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு நன்றாக இருக்கிறது என்கிறார். பத்து வருடமாக அங்கேயே சாப்பிடுகிறவர் சமையல்காரர் மாறிவிட்டார் என்கிறார். இருவரும் உண்மைதான் சொல்கிறார்கள். தான் முதல்முறை சாப்பிடுகிறேன் என்பதைப் புதியவர் சொல்லிவிட்டால் சண்டையே வராது. மதிப்பெண்ணுக்கு அதைச் சொல்லும் வசதி இல்லை.

சந்தேகம் எங்கிருந்து வந்தது

அப்படியானால் விலைபோனவர்கள் என்ற குற்றச்சாட்டு காற்றில் முளைத்ததா? அதுவும் இல்லை. 2013 ஜனவரிக்கு முந்தைய சில ஆண்டுகளைப் பார்த்தால், ரசிகர்கள் சந்தேகப்படக் கற்றுக்கொண்ட காலம் தெரியும்.

2007 நவம்பரில் கேம்ஸ்பாட் இதழின் ஆசிரியர்களில் ஒருவரான ஜெஃப் கெர்ஸ்ட்மன் வேலைநீக்கம் செய்யப்பட்டார். ‘கேன் அண்ட் லிஞ்ச்’ என்ற கேமுக்கு அவர் 10க்கு 6 தந்திருந்தார். அதே சமயம் அந்த கேமின் விளம்பரம் இதழ் முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. நடந்ததை வெளியே பேசமுடியாத நிலை 2012 வரை நீடித்தது. அவ்வாண்டு கெர்ஸ்ட்மன் வெளிப்படையாகப் பேசியபோது, தன் நீக்கத்தின் பின்னால் விளம்பரதாரர் அழுத்தத்துக்குப் பணிந்த நிர்வாகம் இருந்ததை உறுதி செய்தார்.

2012 மார்ச்சில் ‘மாஸ் எஃபெக்ட் 3’ வந்தது. விமர்சகர்கள் கொண்டாடிய கேமின் முடிவைப் பார்த்து ரசிகர்கள் கொந்தளித்தார்கள். அவர்களைச் சில இதழாளர்கள் அதிகப்பிரசங்கிகள் என்று ஏசினார்கள். ஜூனில் உருவாக்கியவர்களே முடிவை விரித்து இலவசமாக வெளியிட்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில் புகழ்பெற்ற கேம் இதழாளர் ஒருவர் சிப்ஸ் பாக்கெட்டுகளுக்கும் குளிர்பான பாட்டில்களுக்கும் நடுவே, பின்னால் ‘ஹேலோ 4’ விளம்பரத்தட்டியோடு அமர்ந்திருக்கும் படம் பரவியது. கேம் நிறுவனங்களுக்கும் இதழாளர்களுக்கும் உள்ள நெருக்கத்தைக் கண்டித்து யூரோகேமர் இதழில் ராபர்ட் ஃபுளோரன்ஸ் பத்தி எழுதினார். அதில் குறிப்பிடப்பட்ட ஓர் இதழாளர் ஆட்சேபிக்கவே, இதழ் பத்தியின் ஒரு பகுதியை நீக்கியது, ஃபுளோரன்ஸ் விலகினார். இது நடந்து மூன்று மாதத்தில் டிஎம்சி வருகிறது. 85 என்ற எண்ணை ரசிகர்கள் எந்த மனநிலையில் படித்திருப்பார்கள் என்று ஊகிப்பது கடினமில்லை.

இந்த எண்ணுக்கு இன்னொரு சுமையும் இருந்தது. 2001இல் தொடங்கிய மெட்டாகிரிட்டிக் எல்லா இதழ்களுக்கும் ஒரே எடை தருவதில்லை. எதற்கு எவ்வளவு எடை என்று வெளியிடுவதுமில்லை. இருந்தும் நிறுவனங்கள் அந்தச் சராசரியை வைத்துப் பணப் பட்டுவாடா செய்தன. ‘ஃபால்அவுட்: நியூ வேகாஸ்’ 85 எடுத்தால் ஊக்கத்தொகை என்பது ஒப்பந்தம்; அது 84 எடுத்தது, உருவாக்கிய அப்சிடியனுக்கு ஊக்கத்தொகை கிடைக்கவில்லை. இதை 2012இல் வெளியில் சொன்னவர் அந்த ஸ்டுடியோவின் கிறிஸ் அவெலோன். வாசகருக்காக எழுதப்பட்ட மதிப்புரை, வாசகருக்குத் தெரியாமல் ஒப்பந்தப் பத்திரத்தின் ஷரத்தாகவும் வேலை செய்தது.

பிற்பாடு இந்தச் சிக்கல் இதழ்களிலிருந்து காணொளி விமர்சகர்களுக்கும் பரவியது. 2014இல் வந்த ‘ஷேடோ ஆஃப் மோர்டார்’ கேமைப் புகழ்வதற்கு யூடியூபர்களுக்குப் பணம் கொடுத்துவிட்டு அதைச் சரிவர வெளிப்படுத்தவில்லை என்று அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் வார்னர் பிரதர்ஸ் மீது குற்றம் சாட்டியது. 2016இல் அது சமரசமாக முடிந்தது. இதழை நம்பாமல் தனிமனிதரை நம்பப் போனவர்களுக்கும் அதே அனுபவம்.

மூன்று முறை மாறிய மதிப்பெண்

டிஎம்சி வந்த அதே ஆண்டு மார்ச் 5 அன்று இன்னொரு ரீபூட் வெளியானது: ‘சிம்சிட்டி’. இணைய இணைப்பு இல்லாமல் விளையாடவே முடியாத நகர் நிர்மாண கேம். மதிப்புரைக்காக முன்னதாக விளையாடியபோது சர்வர்களில் ஆள் கூட்டம் இல்லை. பாலிகன் இதழ் 9.5 தந்தது. வெளியீட்டு நாளில் சர்வர்கள் திணறின. வாங்கியவர்கள் உள்ளே நுழையவே முடியவில்லை. பாலிகன் 8க்கு இறக்கியது. சுமையைக் குறைக்க, கேமின் வேகமான ஓட்டத்தை ஈஏ நிறுவனம் நிறுத்தி வைத்ததும் 4 ஆனது. நிலைமை சீரான பிறகு 6.5 ஆனது. நகரத்தின் கணக்குகள் பெருமளவு சர்வரில் நடப்பதால் இணைப்பு இன்றியமையாதது என்று சொல்லப்பட்டதை, இணைப்பில்லாமலும் ஓட்டிக்காட்டி ரசிகர்கள் கேள்விக்குள்ளாக்கினார்கள். ஓராண்டு கழித்து, இணைப்பில்லாமல் விளையாடும் வசதியை நிறுவனமே வெளியிட்டது.

அந்த நான்கு எண்களைப் பலர் கேலி செய்தார்கள். எனக்கு அதில் ஒரு நேர்மை தெரிகிறது. மதிப்புரை எழுதியவர் விளையாடிய கேமும் வாசகர் காசு கொடுத்து வாங்கிய கேமும் ஒன்றல்ல என்று அந்த இதழ் ஒத்துக்கொண்டது. எந்தச் சூழலில், எந்த நாளில், எந்த அளவுக்குப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்பதைத் தீர்ப்பின் பகுதியாகவே அது வைத்தது.

ரசிகரின் எண்ணும் சுத்தமில்லை

விமர்சகரை நம்ப முடியாதென்றால் மக்களின் மதிப்பெண்ணை நம்பலாமே என்று கேட்பவர்கள் உண்டு. டிஎம்சியின் தாழ்ந்த பயனர் மதிப்பெண்ணில், நூறு மணி நேரம் விளையாடி நொந்தவரும் இருந்தார். கேமைத் தொடாமலேயே பூஜ்யம் போட்டவரும் இருந்தார். எண்ணில் இருவரும் ஒன்று. 2020 ஜூன் 19 அன்று ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2’ வெளியானபோது, அதை முடிக்கவே நேரம் போதாத சில மணிகளுக்குள் பூஜ்யங்கள் குவிந்தன. அடுத்த மாதமே மெட்டாகிரிட்டிக், கேம் வெளியாகி 36 மணி நேரம் கழித்தே பயனர்கள் மதிப்பிடலாம் என்று விதி போட்டது. கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் தளமும் 2019இல், கேமுக்குச் சம்பந்தமில்லாத காரணத்துக்காகத் திரளாக இடப்படும் எதிர்மறை மதிப்புரைகளை மொத்தக் கணக்கிலிருந்து விலக்கத் தொடங்கியது.

ரசிகர்களின் முன்முடிவும் தவறுவதுண்டு. 2016 மே மாதம் ‘டூம்’ ரீபூட் வந்தபோது, வெளியீட்டுக்கு முன் விமர்சனப் பிரதிகள் தரப்படவில்லை. முன்கூட்டியே வெளியிட்ட, பலர் சேர்ந்து ஆடும் சோதனைப் பகுதியும் சோபிக்கவில்லை. நிறுவனம் எதையோ மறைக்கிறது என்றே பலரும் நினைத்தார்கள். வந்தது, தொடரின் வேகத்தையும் வெறியையும் மீட்டெடுத்த கேம். ரசிகர்கள் மாற்றத்தையே வெறுப்பவர்கள் என்பதும் உண்மையில்லை. 2018இன் ‘காட் ஆஃப் வார்’ கேமராக் கோணத்தையும் ஆயுதத்தையும் புராணத்தையும் நாயகனின் சுபாவத்தையும் மாற்றியது. பழைய ரசிகர்கள் பெருமளவில் ஏற்றுக்கொண்டார்கள். தொடரின் இரண்டாம் பாகத்தை இயக்கிய கோரி பார்லாக், தொடரை உருவாக்கிவந்த அதே ஸ்டுடியோவில் அதை இயக்கினார். அடித்தால் எதிரி மேல் விழும் கனம் என்ற பழைய இன்பம் புதிய கோடரியிலும் இருந்தது.

டெவில் மே க்ரையின் கணக்கும் பிறகு தெளிவானது. டிஎம்சி 20 லட்சம் பிரதிகள் போகும் என்று கேப்காம் முதலில் எதிர்பார்த்தது. பிறகு அதை 12 லட்சமாகக் குறைத்தது. 2013 மார்ச் இறுதிவரை கடைகளுக்குப் போனது 11.5 லட்சம். அடுத்த மாதம் வெளியிட்ட அறிக்கையில், தன் சரிவுக்கான காரணங்களில் ஒன்றாக, வெளி ஸ்டுடியோக்களுக்கு அளவுக்கு மீறி வேலை கொடுத்ததால் தரம் குறைந்ததைக் கேப்காம் குறிப்பிட்டது. 2019 மார்ச்சில் இட்சுனோ இயக்கத்தில், வெள்ளை முடி டான்டேயோடு, 60 ஃபிரேம் வேகத்தில் வந்த ஐந்தாம் பாகம் இரண்டே வாரத்தில் 20 லட்சத்தைத் தாண்டியது. காலமும் கருவிகளும் வேறு என்பதால் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிடுவது சரியாகாது. என்றாலும், விமர்சகர்களின் 85 ஒரு விஷயத்தை முன்னுணர்த்தவில்லை என்பது உறுதி: இந்தத் தொடரைத் தாங்கிப் பிடிப்பவர்கள் எதற்காகத் திரும்பி வருகிறார்கள் என்பதை.

என்ன செய்யலாம்

ஜப்பானின் ஃபாமித்சு இதழில் ஒரு கேமை நான்கு பேர் தனித்தனியாக மதிப்பிடுகிறார்கள். ஆளுக்கு 10, மொத்தம் 40. அந்த முறைக்கும் குறைகள் உண்டு. ஆனால் நால்வரின் எண்களும் பக்கத்தில் பக்கத்தில் அச்சாவதால், கருத்து வேறுபாடு வாசகர் கண்ணுக்குத் தெரிகிறது. ஸ்டீமில் ஒவ்வொரு மதிப்புரையின் பக்கத்திலும் எழுதியவர் எத்தனை மணி நேரம் விளையாடினார் என்பது தானாகப் பதிவாகிறது. இதைத் தொழிலாகச் செய்யும் பல விமர்சகர்கள் இந்த ஒரு தகவலைக்கூடத் தருவதில்லை.

ரீபூட் கேமுக்கு மதிப்புரை எழுதுகிறவர் நான்கு விஷயங்களை முதல் பத்தியிலேயே சொல்லிவிட வேண்டும்: முந்தைய பாகங்களை எவ்வளவு விளையாடியிருக்கிறார், இதை எத்தனை மணி நேரம் எந்தக் கடின நிலையில் விளையாடினார், எந்தக் கருவியில், யார் தந்த பிரதியில். இதழ்கள் இன்னொன்றும் செய்யலாம். தொடரை ஊறி விளையாடியவர் ஒருவரையும் புதியவர் ஒருவரையும் தனித்தனியாக எழுதவைத்து, முன்னவருக்கு ஒரு மாத அவகாசம் கொடுத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வெளியிட வேண்டும். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுக்கக் கூடாது. அந்தச் சராசரி யாருடைய அனுபவமும் இல்லை.

ரசிகர்களுக்கும் ஒரு பொறுப்பு இருக்கிறது. 2010இல் முடியைப் பற்றிப் பேசிய அளவுக்குப் பொத்தான்களைப் பற்றிப் பேசியிருந்தால், 2015இல் வந்த திருத்தங்களில் சில 2013லேயே வந்திருக்கக்கூடும். கோபத்தைத் துல்லியமாகச் சொல்லத் தெரிந்த ரசிகர்தான் தான் நேசிக்கும் தொடருக்கு உண்மையில் உதவுகிறார். மிரட்டலும் பூஜ்யமும் அவர் சொன்ன சரியான குறையையும் சேர்த்தே புதைத்துவிடும்.

வாங்கப் போகும் வாசகரிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள். ஆளைப் பார்த்து வாங்குங்கள். நீங்கள் ஏற்கெனவே நன்றாக அறிந்த இரண்டு மூன்று கேம்களைப் பற்றி ஒரு விமர்சகர் என்ன எழுதியிருக்கிறார் என்று படியுங்கள். நீங்கள் உணர்ந்ததை அவரும் கவனித்திருந்தால், மாறுபடும் இடத்திலும் காரணத்தோடு மாறுபட்டிருந்தால், அவர் சொல்வதைக் கேளுங்கள். அவர் எங்கே நின்று பார்க்கிறார் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அது தெரிந்த பிறகு அவர் போடும் எண் எதுவாக இருந்தாலும் உங்களை ஏமாற்றாது.